சாரே, ஒரு சந்தேகம்!

(34 வருடம் பள்ளிக்கூடம், அப்புறம் இலவசப் பயிற்சி வகுப்பு, இப்போது மனுவும் கையுமாக அலைச்சல். நாகர்கோவிலைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: வகுப்பறை, பயிற்சி வகுப்பு, கலெக்டர் ஆபீஸ் வாசல் என்று மூன்றையும் பார்த்துவிட்டீர்கள். இதில் உங்களுக்கு மனதுக்குப் பிடித்தது எது? மழுப்பாமல் சொல்லுங்கள்.
– வாசகி, குலசேகரம்

மூன்றும் வேறு வேறு வேலை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நீங்கள் குலசேகரம் என்பதால் ஒரு ரப்பர் கதை சொல்கிறேன், உங்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

1985 இல் வேலைக்குச் சேர்ந்தேன். பேச்சிப்பாறை போகும் வழியில் ஒரு நடுநிலைப் பள்ளி, ஏழாம் வகுப்பு. முதல் பாடவேளை கணக்கு. காலையில்தான் பிள்ளைகளுக்குத் தலை தெளிவாக இருக்கும் என்று அன்றைக்கு எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. நாலைந்து பையன்கள் மட்டும் மணி அடித்து முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வருவார்கள், வந்தவர்களை வாசலில் நிறுத்திவிடுவேன். ஆமாம், நானும் பிரம்பு வைத்திருந்தவன்தான், அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது. ஒரு நாள் அப்படி நின்றவனின் கையைப் பார்த்தேன். விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் வெள்ளையாக ஏதோ காய்ந்து தோல் மாதிரி ஒட்டியிருந்தது, அவன் அதை மெல்ல மெல்ல உரித்து உருண்டையாக உருட்டிக்கொண்டிருந்தான், பக்கத்தில் போனால் புளித்த வாடை. ரப்பர் பால். அப்பா விடிவதற்கு முன்னால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போய்விடுவார், வெட்டின மரத்தில் பால் வடிந்து முடிய நேரம் பிடிக்கும், அப்புறம் பையன் வாளியோடு போய்ச் சிரட்டை சிரட்டையாக ஊற்றி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, குளிக்க நேரமில்லாமல் பள்ளிக்கு ஓடி வருவான். இது தெரியாமல் நான் அவனை வாசலில் நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். யார் எத்தனை நிமிடம் தாமதம் என்று தினமும் எழுதினேன், கூடவே வானிலையும். இரண்டு மாதத்தில் ஒரு வேடிக்கை தெரிந்தது. மழை பெய்தால் மற்ற ஊர்ப் பள்ளிகளில் வருகை குறையும், எங்கள் பள்ளியிலோ மழை நாளில்தான் அத்தனை பேரும் மணி அடிக்கும் முன்பே வந்து உட்கார்ந்திருப்பார்கள். மழையில் ஏது பால்வெட்டு! நோட்டைக் கொண்டுபோய்த் தலைமையாசிரியர் மேசையில் வைத்தேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, சுவரில் இருந்த கால அட்டவணையில் முதல் பாடவேளைக் கணக்கை அழித்து ஓவியம் என்று எழுதினார், கணக்கு மூன்றாவது பாடவேளைக்குப் போனது. அரசாணை எண் கிடையாது, சாக்பீஸ் தூசி மட்டும்தான். நான் செய்த முதல் கல்விக் கொள்கை மாற்றம் அதுதான்.

கதை அங்கே முடியவில்லை. இவனுக்குச் சதவீதம் சுட்டுப்போட்டாலும் வராது என்று நான் முடிவு கட்டியிருந்த அதே பையன், ஒரு நாள் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “சாரே, இது நம்ம டிஆர்சி கணக்குல்லா? டிஆர்சி 35ன்னா நூறு கிலோ பாலுக்கு 35 கிலோ ரப்பர். வாங்குறவன் 32ன்னு போட்டா மூணு கிலோ போச்சு.” பாலில் எத்தனை பங்கு உலர்ந்த ரப்பர் என்று பார்த்துத்தான் விலை போடுவார்கள், அந்தக் கணக்கு அவன் வீட்டில் சோறு. எனக்குத்தான் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை. அதற்குப் பிறகு எனக்குப் பயிற்சி வகுப்பு என்றாலும் சரி, மனு என்றாலும் சரி, எல்லாம் அந்த நோட்டில் இருந்து வந்ததுதான். பிடித்தது எது என்று கேட்டால், அந்த மூன்றாவது பாடவேளை.

கேள்வி: நான் ஆட்டோ ஓட்டுகிறேன். மகன் ஆறாம் வகுப்பு. இப்போதே நீட் அடித்தள வகுப்பில் சேர்த்தால்தான் பிறகு டாக்டர் ஆக முடியும் என்கிறார்கள். கடன் வாங்கிச் சேர்க்கலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

வேண்டாம்.

காரணமும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதுதான் ஜெயிக்கும். 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பயிற்சி மையங்களில் சேர்க்கக் கூடாது என்று மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறது. ரேங்க் வாங்கித் தருகிறோம் என்று உத்தரவாதம் கொடுக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. உங்களிடம் நோட்டீஸ் கொடுத்தவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் காட்டியிருக்க மாட்டார்கள்.

கடன் வாங்குவதற்குப் பதில் மகனிடம் மூன்று இலக்க எண்ணை இரண்டு இலக்க எண்ணால் வகுக்கச் சொல்லிப் பாருங்கள். தமிழ்ப் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை வாசித்து, என்ன புரிந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். இதில் தடுமாறினால் எந்த அடித்தள வகுப்பும் உதவாது, தடுமாறவில்லை என்றால் அந்த வகுப்பே தேவையில்லை. அப்புறம், எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்று ஒரு மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். அரசுப் பள்ளி அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்க வேண்டும், பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பில் இருந்து பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய், நாலு வருடத்துக்கு 48,000. மனத்திறன் தாளில் 90 கேள்வி, பாடத் தாளில் 90 கேள்வி. இதற்கு நான் பள்ளி முடிந்ததும் வராந்தாவில் வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், காசு வாங்காமல். பணியில் இருக்கும் ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 28 ஆவது பிரிவு சொல்கிறது, சில சகாக்களுக்கு அந்தப் பிரிவு கண்ணில் படுவதே இல்லை.

மனத்திறன் தாளில் நம் பிள்ளைகள் சறுக்குவது எங்கே தெரியுமா? திசைக் கேள்வியில். “ராமு வடக்கே 5 கி.மீ. போய் இடது பக்கம் திரும்புகிறான்” என்று வரும். நாலு பிள்ளைகளை முற்றத்தில் நிறுத்தி நடக்கவிட்டேன், கடலோரத்தில் இருந்து வந்த பிள்ளைகள் நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். கச்சான், வாடை என்று காற்றை வைத்தே திசை சொல்லும் வீடு அவர்களுடையது. தாளில் மட்டும்தான் அவர்களுக்குத் திசை தெரியாமல் போகிறது.

கேள்வி: நான் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறேன். சின்ன வகுப்பு டீச்சர் ஆகணும். பி.எட். படித்தால் எல்லா வகுப்புக்கும் போகலாம் என்று அத்தை சொல்கிறார். சரியா?
– வாசகி, கருங்கல்

அத்தை சொன்னது சரியில்லை மகளே. ஒன்று முதல் ஐந்து வரை எடுக்க பி.எட். போதாது என்று 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குத் தொடக்கக் கல்விப் பட்டயம், அதாவது டி.எல்.எட்., இரண்டு வருடம். மேலே டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, முதல் தாள். பி.எட். என்றால் முதலில் பட்டப் படிப்பு, அதற்கு மேல் இரண்டு வருடம், வேலை ஆறாம் வகுப்பு முதல் மேல் வகுப்புகளில்.

சின்னப் பிள்ளைகளோடு இருக்கத்தான் ஆசை என்றால் பட்டயத்துக்குப் போ. “வெறும் பட்டயமா” என்று கல்யாண வீட்டில் யாராவது கேட்பார்கள். ஒன்றாம் வகுப்பில் நாற்பது நிமிடம் நின்று காட்டச் சொல், அப்புறம் கேட்க மாட்டார்கள். ஒரு விஷயம் மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: டெட் தேறினவுடன் அரசு வேலை கையில் வந்துவிடாது. அது தகுதித் தேர்வு, நியமனம் வேறு. தேறிவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் நம் மாவட்டத்தில் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். காத்திருக்கும் காலத்தில் வேறு எதைச் செய்வாய் என்று இப்போதே யோசித்து வைத்துக்கொள்.

கேள்வி: என் மனைவிக்கு 46 வயது. உதவி பெறும் பள்ளியில் 20 வருடமாக ஆசிரியை. இந்த வயதில் டெட் எழுதச் சொல்கிறார்களே என்று இரவில் தூங்குவதில்லை. என்ன செய்வது?
– வாசகர், குளச்சல்

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2025 செப்டம்பர் 1 அன்று வந்தது. ஓய்வுபெற ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கிறவர்கள் இரண்டு வருடத்துக்குள் டெட் தேற வேண்டும், ஐந்து வருடத்துக்குக் குறைவாக இருந்தால் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வுக்குத் தேர்ச்சி வேண்டும் என்பது அதன் சாரம். சிறுபான்மை நிறுவனப் பள்ளிகள் பற்றிய கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள். நம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட பள்ளிகள் நிறைய, எனவே உங்கள் மனைவி வேலை பார்க்கும் பள்ளி எந்த வகையில் வருகிறது என்பதை முதலில் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் எதையும் நம்ப வேண்டாம்.

20 வருடம் பாடம் எடுத்தவரைத் தேர்வு எழுது என்பது அவமானமாகத்தான் இருக்கும். விதி வருவதற்கு முன்பு முறைப்படி வேலைக்குச் சேர்ந்தவர்களை இடையில் மடக்குவது நியாயமில்லை என்பதுதான் என் கட்சி, கூட்டங்களிலும் அதைத்தான் பேசுகிறேன். ஆனால் வீட்டில் ஒருத்தர் தூங்காமல் இருக்கும்போது கட்சி பேசிப் பயனில்லை, படிப்பது ஒரு பக்கம் நடக்கட்டும்.

முதல் தாள் என்றால் 150 கேள்வி: குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல், ஒவ்வொன்றிலும் 30. என் வகுப்புக்கு வந்த ஒரு டீச்சர், வயது உங்கள் மனைவி வயதுதான், மாதிரித் தேர்வில் முதல் முறை 71 வாங்கி அழுதுவிட்டார். தாளை வாங்கிப் பார்த்தேன். விடை தெரியாமல் விட்டது கொஞ்சம்தான். ஒவ்வொரு கேள்வியிலும் “இந்தப் பிள்ளை ஏன் இப்படிச் செய்தது, வீட்டில் என்ன பிரச்சினையோ” என்று நிஜமாகவே யோசித்திருக்கிறார்! நாலு விடையில் மூன்று அவருக்குச் சரியாகத் தோன்றியிருக்கிறது, வகுப்பறையில் மூன்றும் சரிதானே. நான் சொன்னது ஒன்றே ஒன்று: டீச்சர், இங்கே பிள்ளை இல்லை, கேள்வி மட்டும்தான் இருக்கிறது, புத்தகத்தில் உள்ள விடையைக் கறுப்பாக்கிவிட்டு நகருங்கள். நாலாவது மாதிரித் தேர்வில் 98. உங்கள் மனைவியையும் பழைய தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதச் சொல்லுங்கள், பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு. அவர் படித்து முடிக்கும் வரை இரவுச் சமையல் உங்களுடையது.

கேள்வி: ஆசிரியர் அரசியல் பேசலாமா?
– வாசகர், தேரூர்

தேரூரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா! உங்கள் ஊர்க் கவிமணி பள்ளிக்கூட வாத்தியார்தானே. சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள்வழி முறையால் நாஞ்சில் நாட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் நடுத்தெருவுக்கு வந்ததைப் பார்த்துவிட்டு, பணியில் இருக்கும்போதே நையாண்டியாக நீண்ட செய்யுள் எழுதினார், ஊரே சிரித்தது, சிரித்து முடித்துவிட்டு வெட்கப்பட்டது. 1926 இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளருக்குச் சட்டமே வந்தது. அவர் செய்யுளால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன், அதற்குப் பல பேர் பாடுபட்டார்கள்.

இப்போது அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு 1973 ஆம் ஆண்டு நடத்தை விதிகள் இருக்கின்றன, அதை வாசித்துவிட்டுப் பேசுங்கள். சட்ட மேலவை இருந்த காலத்தில் ஆசிரியர்கள் ஓட்டுப் போட்டுத் தங்கள் ஆளை அங்கே அனுப்பினார்கள், 1986 இல் மேலவையையே கலைத்துவிட்டார்கள், அந்த வாசலும் போனது. எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

கேள்வி: எங்கள் கடலோரப் பிள்ளைகள் எல்லாரும் படிப்பது உதவி பெறும் பள்ளியில். மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு இவர்களுக்குக் கிடையாதாம். இதை யாரிடம் கேட்பது? கேட்டால் நடக்குமா?
– வாசகர், முட்டம்

சரியான கேள்வி. 2020 இல் வந்த அந்தச் சட்டம் அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு. அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அதே மாதிரி ஒதுக்கீடு வந்தது. உதவி பெறும் பள்ளி இதில் சேராது. நீதிமன்றத்திலும் கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை.

சென்னையில் இருக்கும் அதிகாரிக்கு உதவி பெறும் பள்ளி என்றால் நகரத்தில் பெரிய மதில் சுவரும் மணிக்கூண்டும் உள்ள பள்ளிதான் ஞாபகம் வரும். நம் ஊர் வரலாறு வேறு. 1806 இல் வந்த மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடியில் இருந்துகொண்டு பள்ளிகள் தொடங்கினார், 1818 இல் வந்த மீட் ஐயர் காலத்தில் நாகர்கோவிலில் இன்னும் பெருகின. அதற்குப் பின்னாலும் சபையும் சமுதாயமும் தொடங்கின பள்ளிகள்தான் பல கிராமங்களில் பக்கத்துப் பள்ளி. மீனவர் வீட்டுப் பிள்ளை அங்கே படிப்பது வசதியினால் அல்ல, நடக்கிற தூரத்தில் அதுதான் இருக்கிறது. இதை நாம் சொல்லவில்லை என்றால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கேட்டால் நடக்குமா என்கிறீர்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளிக்கு மட்டும்தான் தொடங்கியது. 2024 ஜூலை 15 இல் ஊரகப் பகுதி உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது, அடுத்த வருடம் நகர்ப்புறத்துக்கும். கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் முதலில் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான், பிறகு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் உள்ளே வந்தார்கள். ஆக, கதவு திறக்கும். மெதுவாகத் திறக்கும்.

ஆனால் எப்படிக் கேட்பது என்பதில்தான் நாம் கோட்டை விடுகிறோம். என் முதல் மனு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு மலையோரக் கிராமத்துக்குக் காலை பஸ் சரியாக வரவில்லை, பிள்ளைகள் முதல் பாடவேளையை இழக்கிறார்கள் என்று உருக உருக மூன்று பக்கம் எழுதி, திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தேன். “நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது” என்று ஒரு சீட்டு வந்தது, அவ்வளவுதான். பஸ் வழக்கம் போல் வந்தது, அதாவது வரவில்லை. இரண்டாவது முறை உருகவில்லை. ஒரு பெண்பிள்ளையிடம் நோட்டைக் கொடுத்து, தினமும் பஸ் வந்த நேரம், ஏறின பிள்ளைகள் எண்ணிக்கை, வராத நாள் எல்லாம் எழுதச் சொன்னேன். 41 பள்ளி நாளில் 17 நாள் வரவே இல்லை. அரைப் பக்க மனு, பின்னால் அந்த நோட்டின் நகல். அதிகாரி முதலில் நோட்டைத்தான் புரட்டினார், மனுவைப் படித்தாரா என்றே எனக்குச் சந்தேகம். மூன்றாவது வாரம் பஸ் ஒழுங்காக வரத் தொடங்கியது.

முட்டத்திலும் அதையே செய்யுங்கள். உங்கள் பள்ளியில் பன்னிரண்டு முடித்தவர்களில் எத்தனை பேர் நீட் எழுதினார்கள், எத்தனை பேர் தகுதி பெற்றார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, அவர்கள் பெற்றோர் தொழில் என்ன, பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி எத்தனை கிலோமீட்டர். பள்ளியில் பதிவேடு இருக்கும், அரசு அலுவலகத்தில் உள்ள கணக்கு வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். அதை வைத்துக்கொண்டு கிராம சபையில் தீர்மானம் கேளுங்கள். நவம்பர் 1 அன்றும் கிராம சபை உண்டு. 1956 இல் நாம் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்த நாளும் அதுதான், நம்மூர்க்காரர்கள் அன்றைக்குக் கொடி ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடாமல் கூட்டத்துக்கும் வரலாம். தீர்மான நகலை எம்.எல்.ஏ. கையில் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். ஒரு ஊர் கேட்டால் கோரிக்கை, இருபது ஊர் ஒரே படிவத்தில் கேட்டால் கோப்பு. கோப்பு ஆனால்தான் செயலகத்தில் அது மேசை மாறும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. “அரசுப் பள்ளிப் பிள்ளையின் பங்கில் கை வைக்கிறார்கள்” என்று பேச்சு வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். அந்த 7.5 ஐத் தொடாமல் எங்களுக்குத் தனியாக வேண்டும் என்றே எழுதுங்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரை மோதவிட்டு வாங்கும் இடம் எனக்குப் பிடிக்காது.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த நாகர்கோவில் எம்.பி. யார்?
– வாசகர், கோட்டாறு

வம்பில் மாட்டிவிடப் பார்க்கிறீர்கள். 1969 இடைத்தேர்தலில் ஜெயித்தாரே, பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போட்டவர், அவர்தான். இதில் யாரும் என்னோடு சண்டைக்கு வர முடியாது.

கேள்வி: வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே. உங்கள் மகனும் உங்கள் பள்ளியில்தான் படித்தாராமே, எப்படிச் சமாளித்தீர்கள்?
– வாசகி, ஆரல்வாய்மொழி

இரண்டு வருடம் என் வகுப்பிலேயே இருந்தான், பாவம். பள்ளியில் நான் சார், வீட்டில் அப்பா என்று முதல் நாளே சொல்லிவைத்திருந்தேன். மற்ற பிள்ளைகள் ஒன்றும் சொல்லிவிடக் கூடாதே என்று அவன் கை தூக்கினாலும் கேள்வியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவேன், அது தப்பு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் இரவு மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன்கறியும். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று வலது கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், விரலில் இருந்து குழம்பு சொட்டுகிறது. என்னலே என்றேன். “சாரே, எனக்கு இன்னும் ஒரு துண்டு வேணும்” என்றான். அவன் அம்மா சிரித்துக்கொண்டே எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். என் தட்டில் இருந்ததை எடுத்து வைத்தேன்.